பையன் ஜெர்மனி போறான், பட்டன் கூட தைக்கத் தெரியல. ரெண்டு மாசத்துல எதைச் சொல்லிக் குடுக்கறது?

வேளச்சேரி_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்து படிச்சிட்டு சத்தமில்லாம போற ஆளு நான், இப்பதான் முதல்ல எழுதறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

பையன் மெக்கானிக்கல் முடிச்சிட்டான், எம்.எஸ். பண்ண ஜெர்மனில சீட் கிடைச்சிருக்கு, செப்டம்பர் கடைசில கிளம்பணும். போன வாரம் விசா வேலைக்குப் போறப்ப போட எடுத்து வெச்ச சட்டைல பட்டன் அந்து போச்சு. அவன் பாட்டுக்கு போன எடுத்து பக்கத்துல டெய்லர் எங்க இருக்காருன்னு தேடிட்டு உக்காந்திருக்கான். சரி குடுடா நானே தைக்கறேன்னு பீரோவ திறந்தா வீட்ல ஒரு ஊசி இல்ல. கடைசில கீழ் வீட்டு அக்காகிட்ட வாங்கினேன்.

அன்னைக்கு ராத்திரி யோசிச்சுப் பார்த்தா பட்டன் மட்டும் இல்லங்க. மாவு பாக்கெட், இஞ்சி பூண்டு பேஸ்ட் பாக்கெட், தேங்காய் துருவினதே கவர்ல வருது, புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க ஆளு, பேண்ட் கால் குறைக்க ஆளு, குழாய்ல வாஷர் மாத்த ஆளு. எங்க அம்மா வெயில் காலம் வந்தா வடாம், மோர் மிளகாய், நார்த்தங்கா எல்லாம் போட்டு மாடி பூரா காய வெப்பாங்க. எங்க அபார்ட்மெண்ட்ல அசோசியேஷன்காரங்க மொட்டைமாடி கதவையே பூட்டி வெச்சிருக்காங்க, சாவி செக்ரட்டரிகிட்ட, வடாம் போடணும்னா மனு எழுதணும் போல.

வீட்டுக்காரர் "யூட்யூப் பார்த்து கத்துப்பான் விடு"ங்கறார். மாமியார் வேற, "பொண்ணா பொறந்திருந்தா சொல்லிக் குடுத்திருப்ப"ன்னு ஒரு குத்து.

உங்க வீடுகள்லயும் இப்படித்தானா? அதவிட முக்கியம், இருக்கற ரெண்டு மாசத்துல அவனுக்கு எதெல்லாம் சொல்லிக் குடுக்கணும்? எல்லாத்தையும் கத்துக்க மாட்டான், அது எனக்கே தெரியும்.

---

திருப்பூர்_டேபிள்:

ஏனுங்க, இதுக்குப் போய் வருத்தப்படறீங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில தையல் லைன் மேற்பார்வை பாக்கறவன். எங்க ஊர் தைக்கற துணி உலகம் பூரா போகுது, ஆனா இங்கயே வீட்ல துணி தைக்கறவங்க கம்மியாயிட்டாங்க, நம்புவீங்களா.

ஒரு டி-ஷர்ட்டுன்னா ஒருத்தர் தோள் சேர்ப்பாங்க, அடுத்தவங்க கழுத்து ரிப் வெப்பாங்க, இன்னொருத்தர் கை ஏத்துவாங்க, இன்னொருத்தர் சைடு மூட்டுவாங்க, கடைசில பிளாட்லாக் மிஷின்ல அடி மடிச்சு செக்கிங்குக்குப் போயிரும். நாள் பூரா கை மட்டும் ஏத்தற பொண்ணு எங்க லைன்ல இருக்கு, அதோட வேகத்துக்கு நான் தலைகீழா நின்னாலும் வர முடியாதுங்க. அதே பொண்ணு தன்னோட ஜாக்கெட்ட தெருமுனை டெய்லர்கிட்ட அளவு ஜாக்கெட்டோட குடுத்துட்டு வருது. துணிய விரிச்சு, அளவெடுத்து, வெட்டி, கிராஸ் போட்டு முழுசா முடிக்கறது வேற வித்தை, அத கம்பெனில யாரும் சொல்லித் தர்றதில்ல, தேவையும் இல்ல. காலைல எட்டரைக்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி எட்டரைக்கு வெளிய வர்றவங்களுக்கு மறுபடி வீட்ல மிஷின் மேல உக்கார மனசு வருமாங்க.

இன்னொன்னு விலை. எங்க ஊர் காதர்பேட்டைல செகண்ட்ஸ் (சின்னக் குறைன்னு கழிச்ச) டி-ஷர்ட் நூறு ரூபாய்க்குள்ள கிடைக்குது. அக்குள்ல கிழிஞ்சா தைச்சுப் போடணும்னு யாருக்குத் தோணும், துடைக்கற துணியாக்கிட்டு வேற வாங்கறாங்க. அப்பெல்லாம் சட்டைத் துணியே காசு, அதனால ஒட்டுப் போட்டாங்க, காலர் தேஞ்சா பிரிச்சு திருப்பி தைச்சாங்க. ஆசைப்பட்டு யாரும் ஒட்டுப் போடலீங்க.

பட்டனுக்கு வர்றேன். பையன உக்கார வெச்சு இதக் காட்டுங்க. நூல ரெட்டையா கோத்து முடிச்சுப் போடணும். ஊசிய துணிக்கு அடியில இருந்து ஏத்தி பட்டன் ஓட்டைல விடணும். இப்பத்தான் எல்லாரும் கோட்டை விடற இடம்: பட்டன் மேல குறுக்கால ஒரு தீக்குச்சிய வெச்சு அதுக்கு மேல நூல் போற மாதிரி தைக்கணும். நாலு ஓட்டைன்னா ஒவ்வொரு ஜோடிக்கும் மூணு நாலு தடவ. அப்புறம் தீக்குச்சிய உருவிட்டு பட்டன மேல தூக்குனா துணிக்கும் பட்டனுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் கிடைக்கும், அந்தக் கழுத்துல நூல நாலு சுத்து இறுக்கிச் சுத்தி அடியில கொண்டுபோய் முடிச்சுப் போடணும். அந்தக் கழுத்து இல்லேன்னா காஜா (பட்டன் நுழையற ஓட்டை) பக்கத்துத் துணி உக்கார இடமிருக்காது, பட்டன் போடறப்பவே சுருங்கி இழுக்கும், சீக்கிரமா அந்துரும். ரெடிமேட் சட்டைல மிஷின் பட்டன் லொட லொடன்னு ஆடறது பார்த்திருப்பீங்க, நூல் முனையில முடிச்சே இருக்காது, ஒரு பக்கம் இழுத்தா மொத்தமா உருவிக்கும்.

---

அம்மிக்கல்:

ஒண்ணு கேக்கறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. அந்தக் காலத்துல எல்லாம் வீட்லயே பண்ணாங்கன்னு பெருமூச்சு விடறவங்கள்ல அரைச்சவங்க எத்தனை பேரு, சாப்பிட்டவங்க எத்தனை பேரு?

எங்க அம்மா கும்பகோணத்துல ஒரு பெரிய குடும்பத்துக்கு வாக்கப்பட்டவங்க. சாயங்காலம் ஆட்டுக்கல் முன்னாடி உக்காந்தா ஒரு கையால குழவிய சுத்தணும் இன்னொரு கையால மாவத் தள்ளணும், உளுந்து முடிய ராத்திரியாயிடும். இன்னைக்கும் வலது தோள் தூக்க முடியாது. கோயம்புத்தூர்ல 1955லயே கிரைண்டர் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, எங்க வீட்டுக்கு அது வந்து சேர இன்னொரு தலைமுறை ஆச்சு, ஏன்னா வாங்கற முடிவு எடுக்கறவங்க அரைக்கறவங்க இல்ல. 2011ல கவர்மெண்ட் இலவசமா மிக்சி, கிரைண்டர், ஃபேன் குடுத்தப்ப கிண்டல் பண்ணவங்கள கேட்டிருக்கேன், ஆட்டுக்கல்லு முன்னாடி உக்காந்த யாரும் கிண்டல் பண்ணி நான் கேட்டதில்ல.

சென்ட்ரல் கவர்மெண்ட் 2019ல ஒரு சர்வே எடுத்தாங்க, யார் எந்த வேலைக்கு எவ்ளோ நேரம் செலவு பண்றாங்கன்னு. வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க அதுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவு பண்றாங்க. ஆம்பளைங்கள்ல நூத்துக்கு 26 பேர் தான் அந்த வேலை பக்கமே போறாங்க, போறவங்களும் 97 நிமிஷம் தான். பாக்கெட் மாவு, குக்கர், வாஷிங் மெஷின் எல்லாம் வந்த பிறகும் இந்தக் கணக்குன்னா முன்னாடி எப்படி இருந்திருக்கும்.

இன்னும் ஒண்ணு, இந்தப் பொலம்பல் புதுசும் இல்ல. 1951லயே மீனாட்சி அம்மாள் "சமைத்துப் பார்" போட்டாங்களே, பக்கத்துல மாமியாரோ அம்மாவோ இல்லாம தனிக்குடித்தனம் போன பொண்ணுங்க அத வெச்சுத்தான் அடுப்பு பத்த வெச்சாங்க. அப்பவும் "இந்தக் காலத்துப் பொண்ணுக்கு புஸ்தகத்தப் பாத்துதான் சாம்பார் வைக்கத் தெரியுது"ன்னு ஒரு அத்தை சொல்லியிருப்பாங்க, எழுதித் தர்றேன்.

கல்யாண சமையல்னா மாஸ்டர் ஆம்பளை, சட்டை தைக்கற கடைல டெய்லர் ஆம்பளை. ஆக கையில திறமை இல்லாம இல்ல, கூலி குடுத்தா நல்லாவே வருது. வீட்லதான் வராது.

வேளச்சேரி அம்மா, உங்க மாமியார் சொன்னதுக்கு இப்படி பதில் சொல்லுங்க: "பையனுக்குத்தான் சொல்லிக் குடுக்கறேன், பாருங்க"ன்னு.

---

மொட்டமாடி_மன்னன்:

பாக்கெட் மாவுக்கு ஏன் எல்லாரும் திட்டறீங்க. எங்க தெரு ஆயா நான் ஸ்கூல் போறப்பவே மாவு அரைச்சு வித்தாங்க, தூக்கு எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வருவோம். 2005ல பெங்களூர்ல ஐடி ஃப்ரெஷ்ங்கற கம்பெனிக்காரங்க அதையே கவர்ல போட்டு பெரிய பிசினஸ் ஆக்கிட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம். என்ன, ஆயா மாவுல வெந்தயம் வாசம் வரும்.

ஜெர்மனில ஸ்விக்கி மாதிரி ஏதாவது இருக்கும்ங்க, பையன் பொழச்சுப்பான் 😄

---

கெம்னிட்ஸ்ல_குளிருது:

@மொட்டமாடி, இருக்கு ப்ரோ, ஆனா டெலிவரி சார்ஜோட ஒரு பிரியாணி விலைல நான் ஒரு வாரத்துக்கு காய்கறி வாங்கிடுவேன். ஸ்டூடண்ட்டுக்கு அது கட்டுப்படியாகாது ஆன்ட்டி, அவன் சமைச்சே ஆகணும்.

நான் இங்க ஜெர்மனில, கெம்னிட்ஸ்ங்கற ஊர்ல, மாஸ்டர்ஸ் ரெண்டாவது வருஷம். வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா வத்தக்குழம்புல இருந்து அதிரசம் வரைக்கும் நோட்டுல எழுதி குடுத்தாங்க, அந்த நோட்ட இன்னும் முழுசா படிக்கல. இங்க உண்மையா தேவைப்படறது வேற. சோறு, பருப்பு, ஒரு பொரியல், முட்டை, சப்பாத்திக்கு மாவு பிசையறது. இந்த அஞ்சும் தூக்கத்துல வந்தா போதும், மத்தது தானா வரும். பெருங்காயம் எப்ப போடணும், வெங்காயம் எந்த நிறத்துக்கு வதங்கணும்ங்கறது வீடியோல புரியாது, பக்கத்துல நின்னு வாசனை பிடிச்சாத்தான் தெரியும், அதனால டிஷ் கணக்கு பாக்காம தினமும் அடுப்புகிட்ட நிக்க வைங்க.

அதவிட பெரிய பாடம் மேனேஜ்மெண்ட். ஞாயித்துக்கிழமை கடை பூட்டியிருக்கும், சனிக்கிழமை மறந்தா அவ்ளோதான். வாங்கின கொத்தமல்லி அழுகறதுக்கு முன்னாடி எப்படி தீர்க்கறது, நேத்து சோத்த என்ன பண்றது, எண்ணெய் ஒட்டின கடாய எப்படி தேய்க்கறது, சிங்க் அடைச்சா என்ன பண்றது. ஹாஸ்டல்ல காமன் கிச்சன், எந்த வாரம் யார் க்ளீன் பண்ணணும்னு சுவத்துல லிஸ்ட் ஒட்டியிருப்பாங்க, நம்ம பசங்க முதல் மாசம் அதுலதான் பேர் கெடுத்துக்கறாங்க, சமையல்ல இல்ல. எங்க ஃப்ளோர்ல ஒருத்தனுக்கு துடைப்பம் எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியல, 23 வயசு.

சின்ன குக்கர் ஒண்ணு குடுத்து விடுங்க, அடி தட்டையா இருக்கணும், இங்க பெரும்பாலும் கேஸ் இருக்காது, மேல கண்ணாடி போட்ட கரண்ட் அடுப்பு. சில இடத்துல இண்டக்ஷன், அதுக்கு சாதா அலுமினியம் குக்கர் வேலை செய்யாது, அதனால ஸ்டீல்ல இண்டக்ஷன் அடி உள்ளதா பாத்து வாங்குங்க. தாளிக்கறப்ப ஜன்னல திறக்கச் சொல்லுங்க, காஞ்ச மிளகா கருகினா ஸ்மோக் டிடெக்டர் கத்தும், மொத்த பில்டிங்கும் ஜட்டியோட வெளிய வந்து நிக்கும்.

இட்லி மாவு குளிர்ல பொங்காது. அரைச்சு ஓவன் உள்ள வெச்சுட்டு லைட் மட்டும் போட்டு விட்டா காலைல பொங்கியிருக்கும். ஓவன சூடு பண்ணக் கூடாது, லைட் மட்டும். பக்கெட் மாதிரி பெரிய பாத்திரமா எடுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா பொங்கி ஓவன் பூரா வழியும், அப்புறம் அந்த லிஸ்ட்ல அவன் பேர் தான் முதல்ல.

ஊசி நூல் கண்டிப்பா. டெய்லர்கிட்ட பேண்ட் ஜிப் மாத்தறதுக்கு கேட்ட காசுல நான் புது பேண்ட்டே வாங்கிட்டேன்.

---

பாளை_தையல்டீச்சர்:

நான் பாளையங்கோட்டைப் பக்கம் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தையல் லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தோம். அந்தப் பரிட்சைக்கு ஒரு ஆல்பம் வைக்க வேண்டும், ஓட்டுத் தையல், பின் தையல், எம்மிங் (ஓரம் மடித்துத் தைப்பது), காஜா, ஒட்டுப் போடுவது, டார்னிங் (கிழிசலை நூலால் பின்னி அடைப்பது) எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைத் துணியில் தைத்து ஒட்ட வேண்டும். எம்மிங் தையல் வெளிப்பக்கம் தெரிந்தால் மார்க் போய்விடும். என் பிள்ளைகளையும் அப்படித்தான் செய்ய வைத்தேன், பாவம் சிலது கையைக் குத்திக்கொண்டு அழும்.

அப்போது கைத்தொழில் பீரியட் என்று டைம்டேபிளில் இருக்கும். பொம்பளப் பிள்ளைகளுக்குத் தையல், பையன்களுக்கு நெசவு, சில பள்ளிகளில் தச்சு. மார்க் கிடையாது என்பதால் பரிட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து "டீச்சர் உங்க பீரியட் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார், அப்படியே அந்தப் பீரியட் செத்துப் போனது. 2012ல் பகுதி நேர ஆசிரியர் என்று 16,549 பேரை எடுத்தார்கள், ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாம் அதில் வரும். வாரத்துக்கு மூணு அரை நாள், அப்போது மாசம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் யார் மனசு வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியும் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் ஆறாவதிலிருந்து எட்டாவது வரை ஆண் பெண் எல்லாருக்கும் தையல், சமையல், சின்ன ரிப்பேர் வேலை கட்டாயப் பாடமாக வேண்டும், மார்க்கோடு. வீட்டில் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை, அம்மாவும் வேலைக்குப் போகிறாள்.

---

அம்மிக்கல்:

டீச்சரம்மா, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா படிப்பு நேரத்துல கைத்தொழில்னு யாராவது சொன்னாலே எனக்கு 1953 ஞாபகம் வரும். ராஜாஜி ஸ்கூல் நேரத்த மூணு மணி நேரமா குறைச்சு மீதி நேரம் அப்பா தொழில வீட்ல கத்துக்கோன்னார், பொண்ணுங்க அம்மாகூட வீட்டு வேலை. குலக்கல்வின்னு ஊரே எதிர்த்து நின்னுது, மறு வருஷம் காமராஜர் வந்து எடுத்தார். கட்டாயம்னு ஆரம்பிச்சா எந்தப் பிள்ளை கைல ஊசிய குடுப்பாங்க எந்தப் பிள்ளை கைல கம்ப்யூட்டர குடுப்பாங்கன்னு நமக்குத் தெரியாதா?

---

பாளை_தையல்டீச்சர்:

நீங்கள் சொல்வது எனக்கும் தெரியும், எங்கள் அப்பா அந்தப் போராட்டத்துக்குப் போனவர். அது பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. நான் கேட்பது பள்ளிக்கூடத்துக்கு உள்ளே, எல்லாச் சாதிப் பிள்ளைக்கும், பையனுக்கும் சேர்த்து. டாக்டர் மகனும் காஜா போடட்டும் என்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

---

அம்மிக்கல்:

டாக்டர் மகன் படிக்கற ஸ்கூல்ல இந்தப் பாடத்த முதல்ல ஆரம்பிக்கட்டும், அப்புறம் கவர்மெண்ட் ஸ்கூலுக்கு வரட்டும். அதுக்கு நான் கையெழுத்து போடறேன் 🙂

---

வேளச்சேரி_அம்மா:

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல, ரொம்ப நன்றி. கெம்னிட்ஸ் தம்பி எழுதினத பையன்கிட்ட படிச்சுக் காட்டினேன், நான் சொன்னா காதுல ஏறாதது உங்க வார்த்தைல ஏறுது, ஸ்மோக் டிடெக்டர் கதைக்கு மட்டும் அரை மணி நேரம் சிரிச்சான். இந்த வாரத்துல இருந்து ராத்திரி சமையல் அவன், நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறேன், வாயத் திறக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கான். நேத்து ரசம் வெச்சான், புளி தூக்கலா இருந்துது, அவங்கப்பா ஒண்ணும் சொல்லாம ரெண்டு தடவ ஊத்திக்கிட்டார். அடுத்த திங்கள்ல இருந்து அவரும் காய் நறுக்கணும், அம்மிக்கல் மேடம் போட்ட அந்த 97 நிமிஷத்த காட்டிட்டேன்.

தீக்குச்சி வெச்சு பட்டன் தைச்சாச்சு. இப்ப ஒரு சந்தேகம், திருப்பூர் அண்ணா பதில் சொன்னா நல்லாருக்கும். மாமியாரோட பழைய கால் மிஷின் லாஃப்ட்ல தூங்குது, கருப்பு உஷா மிஷின். பையன் மெக்கானிக்கல் இல்லையா, அத இறக்கி துடைச்சு ஓட்டிப் பாத்தான், மெக்கானிசம் பாத்து அவனுக்கே ஆசை வந்துடுச்சு. ஆனா ரெண்டு தையல் போட்டா மேல் நூல் அந்துடுது, ஓட்டறதுக்கும் ரொம்ப கனமா இருக்கு. மாமியார் தேங்காய் எண்ணெய் விடச் சொல்றாங்க.

---

திருப்பூர்_டேபிள்:

அய்யய்யோ தேங்காய் எண்ணெய் மட்டும் விட்றாதீங்க. அது நாளாக நாளாக பிசின் மாதிரி இறுகிக்கும், இப்ப கனமா ஓடறதே முன்னாடி யாராவது விட்டதாலத்தான் இருக்கும். மண்ணெண்ணெய் கிடைச்சா எண்ணெய் ஓட்டைல எல்லாம் ரெண்டு சொட்டு விட்டு நூல் இல்லாம கொஞ்ச நேரம் மிதிக்கச் சொல்லுங்க, கருப்பா அழுக்கு கக்கும், துடைச்சுட்டு அப்புறம் மிஷின் ஆயில், கடைல சின்ன டப்பால விப்பாங்க. பாபின் கேஸ (அடி நூல் இருக்கற டப்பி) கழட்டி உள்ள பாருங்க, பஞ்சும் நூலும் அடைஞ்சிருக்கும், பழைய டூத் பிரஷ் போதும். தோல் பெல்ட் தொளதொளன்னு இருந்தா ஒரு இஞ்ச் வெட்டிட்டு கொக்கிய மறுபடி மாட்டணும்.

நூல் அறுறதுக்கு முக்காவாசி காரணம் ஊசிங்க. லாஃப்ட்ல கிடந்த மிஷின்ல துருப்பிடிச்ச ஊசி இருக்கும், தூக்கிப் போட்டுட்டு புது ஊசி மாட்டுங்க. ஊசில ஒரு பக்கம் நீளமா பள்ளம் இருக்கும், நூல் எந்தப் பக்கமிருந்து ஊசிக்குள்ள நுழையுதோ அந்தப் பக்கம் பள்ளம் வரணும், தலையில தட்டையா இருக்கற பக்கம் அதுக்கு எதிர்ல. திருப்பி மாட்டினா தையலே விழாது, இல்லேன்னா நூல் அறும். மேல்வரைக்கும் தள்ளி ஸ்க்ரூவ முடுக்கணும். அப்படியும் அறுந்தா மேல் நூல இறுக்கற டென்ஷன் திருக கொஞ்சம் லூஸ் பண்ணிப் பாருங்க.

---

வேளச்சேரி_அம்மா:

கடைல போய் என்ன நம்பர் ஊசின்னு கேக்கறது அண்ணா?

---

திருப்பூர்_டேபிள்:

சட்டைத் துணி, ஜாக்கெட் துணிக்கு 14, கொஞ்சம் தடிப்பா இருந்தா 16. ஜீன்ஸ் தைக்கணும்னு ஆரம்பிச்சான்னா 18, அதுக்கு அந்த மிஷின் தாங்கும், மெதுவா மிதிக்கச் சொல்லுங்க. பாக்கெட்டா வாங்கிருங்க, பழகறப்ப ரெண்டு மூணு உடையும்.